முதலில் ஷட்ஜம்: சுருதி, தாளம், சரளி வரிசை

இசை கற்க முடிவெடுத்தவர்களில் பலர் முதல் வாரத்திலேயே 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களின் அட்டவணையைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் மத்யமத்தில்தான் வித்தியாசம் என்று சரியாகவே சொல்வார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டு 'ஸ' பாடச் சொன்னால் மட்டும் குரல் அதற்குச் சற்றுத் தள்ளி எங்கோ நிற்கும். அட்டவணையில் பிழை ஒன்றுமில்லை. அதற்கான காலம் இன்னும் வரவில்லை.

இந்த அத்தியாயத்தில் வருவது கர்நாடக இசை வாய்ப்பாட்டின் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டிய இலக்கணம் மட்டும். அதுவும் பாடிப் பார்க்கக்கூடிய வடிவில். வரிசை முக்கியம்: சுருதி, பிறகு தாளம், அதற்குப் பிறகே ஸ்வரங்கள். 'சுருதி மாதா, லயம் பிதா' என்று ஆசிரியர்கள் சொல்லும்போது தாயும் தந்தையும் முதலில் வருவது இதனால்தான்.

தேவையானவை

- ஒரு சுருதிப் பெட்டி, அல்லது கைப்பேசியில் தம்புரா செயலி. கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கீழ் ஒலிகள் சரியாகக் கேட்காது. சிறிய வெளி ஒலிபெருக்கி ஒன்றை இணைத்துக்கொள்வது நல்லது.
- ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ஸ்வர இடங்களைச் சரிபார்க்க உதவும். கட்டாயமில்லை.
- குரலைப் பதிவு செய்ய ஏதாவது ஒரு கருவி.
- சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார ஓர் இடம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரலாம். முதுகு வளையாமல் இருந்தால் போதும்.

சுருதி: உங்கள் கட்டை எது?

பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ப 'ஸ'வை, அதாவது ஷட்ஜத்தை, எங்கே வைத்துக்கொள்கிறாரோ அதுவே அவர் சுருதி. மற்ற ஆறு ஸ்வரங்களும் அதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. நம்மூரில் இதைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஆர்மோனியத்தில் 'சி' என்னும் வெள்ளைக் கட்டை 1. அடுத்த வெள்ளைக் கட்டைகள் வரிசையாக 2, 3 என்று 7 வரை போகும். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றாவது, நான்காவது வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்பு இல்லை என்பதால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

ஆண்குரல்கள் பெரும்பாலும் 1 முதல் 2½ கட்டைக்குள் அமையும். பெண்குரல்கள் 4½ முதல் 6 வரை. இவை தொடங்கும் இடங்கள் மட்டுமே, முடிவு அல்ல. உங்கள் கட்டையைக் கண்டுபிடிக்கும் முறை இது:

1. காலையில் எழுந்தவுடன் வேண்டாம். எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகி, நான்கு வார்த்தை பேசிக் குரல் திறந்த பிறகு தொடங்குங்கள்.
2. ஆண்கள் 1 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையிலும் தம்புராவை ஒலிக்க விடுங்கள். ஒரு நிமிடம் கேட்க மட்டும் செய்யுங்கள்.
3. அந்த 'ஸ'வைப் பாடி, அங்கிருந்து கீழே மந்திர பஞ்சமம் (கீழ் 'ப') வரை இறங்குங்கள். பஞ்சமம் காற்றாகிப் போனால் சுருதியை அரைக் கட்டை ஏற்றுங்கள்.
4. மறுபடி 'ஸ'விலிருந்து மேல் ஷட்ஜம் வரை ஏறி, முடிந்தால் அதற்கும் மேல் காந்தாரத்தைத் தொடுங்கள். கழுத்து நரம்பு புடைக்கிறதா, முகவாய் தானாக மேலே எழுகிறதா? அப்படியானால் அரைக் கட்டை இறக்குங்கள்.
5. இரண்டு முனையும் ஓரளவு வசப்படும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்பின் சில மாதங்களுக்கு அதை மாற்ற வேண்டாம்.

கீபோர்டில் சரிபார்ப்பவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. 5 கட்டை என்றதும் நடு 'சி'க்கு வலப்பக்கம் உள்ள ஐந்தாவது கட்டையை அழுத்துவார்கள். அது ஒரு ஸ்தாயி (ஸ்வர வரிசையின் ஒரு முழுச் சுற்று) மேலே. ஆணின் 1 கட்டையும் (சுமார் 131 ஹெர்ட்ஸ்) பெண்ணின் 5 கட்டையும் (196 ஹெர்ட்ஸ்) நடு 'சி'க்கு இடப்பக்கம் உள்ள ஸ்தாயியிலேயே இருக்கின்றன.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உறவு தெரியும். 131ஐ ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 196. ஷட்ஜத்தின் ஒன்றரை மடங்கு அதிர்வே பஞ்சமம், இரு மடங்கு மேல் ஷட்ஜம். 1 கட்டையில் பாடும் தந்தையின் பஞ்சமமும் 5 கட்டையில் பாடும் மகளின் ஷட்ஜமும் ஒரே ஒலி. அழகான பொருத்தம்தான், ஆனால் தொடக்கத்தில் இது குழப்பத்தையே தரும். ஒரே வீட்டில் இருவர் கற்கத் தொடங்கினால் ஒருவர் சுருதியில் மற்றவர் பாடாமல், தனித்தனியே சாதகம் செய்வது நல்லது.

'ஸ'வில் நிற்பது

தம்புராவின் நான்கு தந்திகளில் முதலாவது மந்திர பஞ்சமம், நடுவில் இரண்டும் ஷட்ஜம், கடைசியில் உள்ளது கீழ் ஷட்ஜம். செயலியில் 'ப' அல்லது 'ம' என்று தேர்வு கேட்கும். 'ப'வையே தேர்ந்தெடுங்கள். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமம் வராத ராகங்களுக்குத்தான் 'ம' சுருதி.

1. கண்களை மூடி, இரண்டு மூன்று சுற்று தந்தி ஒலியை மட்டும் கேளுங்கள்.
2. வாயை மூடி 'ம்ம்' என்று அதே ஒலியை முனகுங்கள்.
3. அப்படியே வாயைத் திறந்து 'ஸா' என்று நீட்டுங்கள். சத்தம் பேசும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.
4. மூச்சு தீரும் முன்பே நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் குரல் தானாகச் சுருதியிலிருந்து கீழே சறுக்கும்.
5. பஞ்சமத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் இதையே செய்யுங்கள்.

சரியாகச் சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் விலகியிருக்கும்போது இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் ஒரு துடிப்பு கேட்கும். 'வ்வா வ்வா' என்று அலையடிக்கும். அருகில் வர வர அந்த அலை மெதுவாகி, சேர்ந்ததும் அடங்கிவிடும். உங்கள் குரல் எங்கே முடிகிறது, தம்புரா எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் போகும். இதைக் காது கண்டுகொள்ள வேண்டும். சுருதியை அளந்து முள் காட்டும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்டே பாடிப் பழகுகிறவர் முள்ளைச் சரிசெய்யக் கற்கிறார், கேட்கக் கற்பதில்லை. பாடி முடித்தபின் பதிவைச் சோதிக்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* முதல் பத்துப் பதினைந்து நாட்கள் இந்தப் பயிற்சி சலிப்பைத் தரும். இதைத் தாண்டி ஓடியவர்கள் வர்ணம் வரை போய்விட்டுத் திரும்ப இங்கேயே வந்து நிற்பது இசை வகுப்புகளில் வழக்கமாக நடப்பது.

தாளம்: கை தனியாக, வாய் தனியாக

தொடக்கப் பாடங்கள் எல்லாம் ஆதி தாளத்தில் இருக்கும். ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 8 எண்ணிக்கை. அது 4 + 2 + 2 என்று பிரிந்திருக்கிறது. முதல் நான்கும் லகு, பின்னால் வரும் இரண்டு இரண்டும் திருதம்.

1. வலது உள்ளங்கையைத் தொடையில் தட்டுங்கள். (ஒன்று)
2. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று வரிசையாக எண்ணுங்கள். (இரண்டு, மூன்று, நான்கு)
3. ஒரு தட்டு, பிறகு கையைத் திருப்பி ஒரு வீச்சு. (ஐந்து, ஆறு)
4. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. (ஏழு, எட்டு)

முதல் மூன்று நாள் பாடாமல் கையை மட்டும் போடுங்கள். நொடிக்கு ஓர் எண்ணிக்கை, அதாவது நிமிடத்துக்கு 60, நல்ல வேகம். சுவர்க்கடிகாரத்தின் நொடி முள் சத்தமே போதும். கை தானாக ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவருடன் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். பேசும்போது கை தடுமாறாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பலர் வழுக்குவது திருதத்தின் வீச்சில். தட்டுக்கு ஒலி உண்டு, வீச்சுக்கு இல்லை. ஒலி இல்லாத எண்ணிக்கையை மனம் குறுக்கிவிடும். ஆறாவதும் எட்டாவதும் முழு நீளம் பெறுகின்றனவா என்று பதிவில் கேட்டுப் பாருங்கள்.

ஏழு ஸ்வரம், ஒரு ராகம்

ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று ஏழு ஸ்வரங்கள். இவற்றையே பழந்தமிழ் இசை நூல்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. மற்ற ஐந்தும் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். ஒரு ஸ்தாயிக்குள் இடங்கள் மொத்தம் 12. இப்போதைக்கு இலக்கணம் இவ்வளவு போதும்.

தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்து, வரிசைகளை அமைத்துக் கொடுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. இது 15ஆவது மேளகர்த்தா. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் பாடிய முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' இந்த ராகம்தான். 'தேவர் மகன்' படத்தின் 'மாசறு பொன்னே வருக' பாடலும் இதே ராகம். பாடம் தொடங்கும் முன் இந்த இரண்டையும் சில முறை கேட்டுவிடுங்கள். ராகத்தின் சாயல் காதில் படிந்திருந்தால் ஸ்வர இடம் பாதி வசப்பட்ட மாதிரி.

ஆர்மோனியத்தில் 1 கட்டையை 'ஸ' என்று வைத்தால் இதன் இடங்கள் இப்படி வரும்:

- ஸ: 1
- ரி (சுத்த ரிஷபம்): 1½
- க (அந்தர காந்தாரம்): 3
- ம (சுத்த மத்யமம்): 4
- ப: 5
- த (சுத்த தைவதம்): 5½
- நி (காகலி நிஷாதம்): 7
- ஸ': மேல் ஸ்தாயியின் 1

(மேல் ஷட்ஜத்தை அச்சுப் புத்தகங்களில் தலைமேல் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். இங்கே ஸ' என்று குறித்திருக்கிறது.)

இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். 'ஸ'விலிருந்து 'ரி'க்கு ஒரே ஒரு சிறு படி. 'ரி'யிலிருந்து 'க'வுக்கு மூன்று படித் தாவல். 'க'விலிருந்து 'ம'வுக்கு மறுபடி ஒரு படி. மேல் பாதியான ப, த, நி, ஸ' வரிசையிலும் அதே 1, 3, 1. கீழ்ப் பாதியைக் குரல் கற்றுக்கொண்டால் மேல் பாதி அதன் நகல். மிக நெருக்கமான இடைவெளி, அகன்ற இடைவெளி இரண்டிலும் முதல் நாளிலிருந்தே குரலுக்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. தொடக்கப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ராகத்தைக் காண்பது கடினம்.

சினிமாப் பாட்டும் மேற்கத்திய இசையும் கேட்டுப் பழகிய காது 'ஸ ரி க' என்றதும் சங்கராபரணத்துக்குப் போய்விடும். 'ரி' 1½இல் நிற்காமல் 2க்கு ஏறிவிடும். 'த'வும் அப்படியே. இதற்கு ஒரு மருந்து உண்டு: 'ஸ ரி ஸ', 'ஸ ரி ஸ' என்று அந்த ஒரு படியை மட்டும் தனியாக எடுத்துப் பாடுங்கள். 'ரி' ஷட்ஜத்தின் தோளோடு தோளாக ஒட்டி நிற்பது கேட்கும். அதே முறையில் 'ப த ப'.

காந்தாரத்துக்கு மட்டும் கீபோர்டை நம்ப வேண்டாம். கீபோர்டில் அது இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒலிக்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கீழ் ஷட்ஜத் தந்தியின் ஒலிக்குள்ளிருந்து தானாக எழுவது தெரியும். உங்கள் 'க' அதனுடன் சேர வேண்டும்.

முதல் சரளி வரிசை, மூன்று காலம்

ஸ ரி க ம | ப த | நி ஸ' ||
ஸ' நி த ப | ம க | ரி ஸ ||

1. தாளம் இல்லாமல், தம்புராவுடன் மட்டும் ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்திப் பாடுங்கள். நான்கு ஸ்வரத்துக்கு ஒரு மூச்சு.
2. இப்போது தாளத்தோடு முதல் காலம்: ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். இரண்டு வரியும் சேர்ந்து இரண்டு ஆவர்த்தனம். நொடிக்கு ஓர் எண்ணிக்கை என்றால் 16 நொடி.
3. இரண்டாம் காலம்: ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம். இரண்டு வரியும் ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். இரண்டு முறை பாடுங்கள்.
4. மூன்றாம் காலம்: ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம். இரண்டு வரியும் அரை ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். நான்கு முறை பாடினால் மறுபடி இரண்டு ஆவர்த்தனம் நிறையும்.
5. கடைசியாக, ஸ்வரப் பெயர் சொல்லாமல் அதே வரிசையை 'அ' என்ற அகாரத்தில் பாடுங்கள். பெயர் மறைந்ததும் இடம் நழுவுகிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

இரண்டாம் காலத்தில் பலர் கையை வேகப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் அது இரண்டாம் காலமே அல்ல, வேகமான முதல் காலம். கை அதே நொடி முள்ளோடு போக வேண்டும், குரல் மட்டும் இரட்டிக்க வேண்டும். மூன்றாம் காலம் முதல் நாளே வர வேண்டியதில்லை. முதல் காலத்தில் ஸ்வரம் அசையாமல் நின்ற பிறகு இரண்டாம் காலம், அது தெளிந்த பிறகு மூன்றாம் காலம். வேகத்தில் 'க ம' கலங்கி ஒன்றாகிவிட்டால் உடனே ஒரு காலம் கீழே இறங்குங்கள்.

தொண்டைக்குப் பாதுகாப்பு

வலித்தால் நிறுத்துங்கள். பாடும்போது வலிப்பது இயல்பான ஒன்று அல்ல, அதைத் தாங்கிக்கொள்வதும் சாதகம் அல்ல.

- ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பாடுவதைவிடக் காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம் சிறந்தது. சிறுவர்களுக்கு இதில் பாதி போதும்.
- பாடுவதற்குச் சற்று முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். நாள் முழுக்க அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.
- சளி, தொண்டைக் கட்டு இருக்கும் நாட்களில் பாடாதீர்கள். கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பது தவறு, அது குரலை மேலும் சிரமப்படுத்தும். அந்த நாட்களில் கையில் தாளம் போட்டுக்கொண்டு வரிசைகளை மனத்துக்குள் ஓட்டுங்கள்.
- அடிக்கடிச் செருமுவதைத் தவிர்த்து ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.
- காதில் மாட்டும் ஒலிப்பானில் தம்புராவைச் சத்தமாக வைத்துப் பாடினால் உங்களை அறியாமலே குரலை உயர்த்துவீர்கள். காதும் கெடும். ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.
- குரல் உடையும் பருவத்துப் பையன்களைப் பழைய சுருதியிலேயே பாடும்படி வற்புறுத்தக் கூடாது. சுருதியைக் குறைத்து, எட்டும் ஸ்வரங்களுக்குள் மட்டும் பாட விடுங்கள். குரல் நிலைப்படச் சில மாதங்களோ அதற்கும் மேலோ ஆகலாம்.
- கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து எங்கே?

சரளி வரிசைகள் பெரும்பாலான பாடப் புத்தகங்களில் 14 இருக்கும். அவை முடிந்ததும் ஜண்டை வரிசை. அதில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை வரும், இரண்டாவதில் அழுத்தம். பிறகு தாட்டு வரிசை, அதன்பின் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களில் அலங்காரங்கள், அதற்கும் அப்பால் மலஹரி ராகத்தில் கீதங்கள். மலஹரி மாயாமாளவகௌளையின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்) என்பதால் அங்கே புது ஸ்வர இடம் எதுவும் கற்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு வரும் முன்பே ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். தாளத்தையும் ஸ்வர இடத்தையும் ஒருவர் தானே ஓரளவு பழகிக்கொள்ளலாம். தன் குரலில் உள்ள அழுத்தத்தை, மூக்கொலியை, சறுக்கும் தைவதத்தைத் தானே கண்டுபிடிப்பது கடினம். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகளும், பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. வெளியூரில் இருப்பவர்கள் இணையத்தில் கற்கலாம். ஆனால் இணைப்பில் ஒலி சற்றுத் தாமதித்தே வந்து சேரும் என்பதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது. அவர் ஒரு வரி பாடி நிறுத்தியபின் நீங்கள் பாடும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தம்புரா உங்கள் அறையில் ஒலிக்கட்டும்.

முதல் வகுப்புக்குப் போகும்போது முதல் சரளி வரிசையின் மூன்று காலப் பதிவு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். திருத்தம் செய்யாத பதிவாக இருக்கட்டும். எந்தக் கட்டையில் பாடினீர்கள், எத்தனை நாளாகப் பழகுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியர் அதிலிருந்தே முடிவு செய்வார்.